இங்கிலீஷ் எங்கேர்ந்து ஒழுகுது? பிழைய அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கிற வழி

போன மாசம் ஃபார்ம் ஃபோர் (இடைநிலைப்பள்ளியில நாலாவது வருஷம்) படிக்கிற பொண்ணு ஒன்னு கட்டுரை எழுதிட்டு வந்து குடுத்துச்சு, நான் மதிக்கிற ஒருத்தர்னு தலைப்பு, பாட்டிய பத்தி எழுதியிருக்கு. மொத வரி "மை கிராண்ட்மதர் கட் ரப்பர் ட்ரீஸ் ஃபார் தர்ட்டி இயர்ஸ்". மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்குற நம்ம சுங்கை சிப்புட்ல பொறந்து வளந்த யாருக்கும் இது படிச்ச உடனே புரிஞ்சிடும், பாட்டி முப்பது வருஷம் பால் மரம் வெட்டுனாங்க, அவ்வளவுதான். ஆனா நம்மள தெரியாத ஒருத்தர் படிச்சா அந்தம்மா முப்பது வருஷமா கோடாலிய எடுத்து மரத்த சாய்ச்சிட்டு இருந்தாங்கன்னுதான் நெனப்பாரு. பட்டைய மட்டும் மெலிசா சீவி, உள்மரத்துல கத்தி படாம பாத்துக்கிட்டு, ஒரே மரத்த வருஷக்கணக்கா பால் குடுக்க வச்ச கை அது, ஒரு சொல்லு மாறுனதுல அந்த கை செஞ்ச வேலையே தலைகீழா போச்சு. பால் மரம் வெட்டுறதுக்கு இங்கிலீஷ்ல 'டேப்'. மரத்த வெட்டி சாய்க்கிறதுக்கு 'கட் டவுன்'. தமிழ்ல நாம ரெண்டுக்கும் 'வெட்டு'ன்னே சொல்றோம், தப்பு அங்கேர்ந்து வந்துச்சு.

எட்டு வருஷமா சாயங்காலத்துல நம்ம புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குறேன், நிறைய பேரு தமிழ்ப்பள்ளி முடிச்சு, மலாய் பழகுறதுக்காக இருக்குற பெராலிஹான் வகுப்புக்கு (புகுமுக வகுப்பு) போயி அப்புறம் இடைநிலைப்பள்ளிக்கு வந்த புள்ளைங்க. வீட்டுல தமிழ், பள்ளியில மலாய், கடைத்தெருவுல மூணு நாலு மொழி கலந்து. இந்த புள்ளைங்க பண்ற தப்ப செவப்பு பேனாவுல அடிச்சு திருத்திக் குடுத்தா அடுத்த வாரம் அதே தப்பு அப்படியே திரும்ப வருது. கூரை ஒழுகுதுன்னா கீழ வாளிய வச்சா நிக்குமா, எந்த இடத்துல ஓட்டைன்னு ஏறி பாக்கணும்ல, அதே மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு தப்பும் ஒன்னு மலாய்லேர்ந்து ஒழுகுது, இல்ல தமிழ்லேர்ந்து ஒழுகுது, இல்லன்னா நாம எல்லாரும் சேந்து பேசுற மலேசிய இங்கிலீஷ்லேர்ந்து ஒழுகுது. எங்கேர்ந்துன்னு தெரிஞ்சிட்டா அடைக்கிறது சுலபம். உங்க தப்பு எதுன்னு கீழ தேடுங்க.

"கேன் யூ பாரோ மீ யுவர் பென்?"

இது மலாய் ஒழுகல். பேச்சு மலாய்ல 'பிஞ்சாம்'ங்குற ஒரே சொல்லு வாங்குறதுக்கும் வருது குடுக்குறதுக்கும் வருது, அதனால 'பாரோ'வும் அப்படித்தான்னு புள்ளைங்க நெனச்சுக்குது. இங்க உங்கள காப்பாத்துறது தமிழ்தான். தமிழ்ல யாராவது இதுல குழம்புவாங்களா? இரவல் வாங்குறது வேற, இரவல் குடுக்குறது வேற, அஞ்சு வயசு புள்ளைக்கே தெரியும். இரவல் வாங்குனா 'பாரோ', இரவல் குடுத்தா 'லெண்ட்'. அதனால பேனா உங்க கைக்கு வருதுன்னா "கேன் ஐ பாரோ யுவர் பென்?", அவங்க உங்களுக்கு குடுக்கணும்னு கேட்டா "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?". 'பாரோ மீ'ங்குற ஜோடி இங்கிலீஷ்ல கெடையவே கெடையாது, எழுதிட்டீங்கன்னா பாக்காமலே அடிச்சிடலாம்.

"ஐ ஃபாலோ மை மதர் டு டவுன்", "மை ஃபாதர் சென்ட் மீ டு ஸ்கூல்"

இதுவும் மலாய்தான், 'ஈக்குட்'டும் 'ஹந்தாரு'ம். ஆனா இத கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா இங்க தப்பா எழுதுனாலும் இலக்கணம் சரியா இருக்கும், அர்த்தம்தான் வேற எங்கேயோ போயிடும். 'ஃபாலோ'ன்னா பின்னாலேயே போறது, அம்மா முன்னால போறாங்க நீங்க பத்தடி தள்ளி பின்தொடருறீங்க. அம்மா கூட காடியில ஒக்காந்து போனீங்கன்னா "ஐ வென்ட் டு டவுன் வித் மை மதர்". தமிழ்ல 'கூட'ன்னு வந்தா இங்கிலீஷ்ல 'வித்', 'பின்னாடி'ன்னு வந்தாத்தான் 'ஃபாலோ'.

'சென்ட்' அதவிட மோசம். பொருள அனுப்புறோம் பாருங்க, பார்சல், லெட்டர், நாம வீட்டுலயே இருக்கோம் அது மட்டும் போகுது, அதுதான் 'சென்ட்'. "மை ஃபாதர் சென்ட் மீ டு ஸ்கூல்"னா அப்பா என்ன படிக்க வச்சாருன்னு அர்த்தம் வரும், அது நல்ல அர்த்தம்தான், ஆனா நீங்க சொல்ல வந்தது காலையில மோட்டார்ல கொண்டுபோயி விட்டாருன்னு. அதுக்கு 'ட்ராப் ஆஃப்'. சாயங்காலம் வந்து ஏத்திக்கிட்டு போறதுக்கு 'பிக் அப்'. "ஹி ட்ராப்ஸ் மீ ஆஃப் அட் செவன் அண்ட் பிக்ஸ் மீ அப் அட் ஒன்." அந்த 'மீ' எங்க ஒக்காந்திருக்குன்னு பாத்தீங்களா, நடுவுல. 'பிக் அப் மீ'ன்னு சொல்லக்கூடாது. இந்த மாதிரி பிரியிற வினைங்கள்ல 'மீ', 'இட்', 'தெம்' மாதிரி சின்ன சொல்லு வந்தா நடுவுலதான் வரும், 'ஸ்விட்ச் இட் ஆஃப்', 'த்ரோ தெம் அவே'. பிரியாத வினையும் இருக்கு, 'லுக் ஆஃப்டர்' பிரியாது, 'லுக் ஆஃப்டர் இட்'னுதான் சொல்லணும். எது பிரியும் எது பிரியாதுன்னு அகராதி பாத்துதான் தெரிஞ்சுக்கணும், வேற குறுக்குவழி என்கிட்ட இல்ல.

ரெண்டு சொல்லு சேந்த வினை எதுவுமே மண்டையில நிக்க மாட்டேங்குது

நிறைய பேரு இத சொல்லித்தான் அழுவாங்க. 'கிவ் அப்', 'கிவ் இன்', 'கிவ் அவே', எல்லாத்துலயும் 'கிவ்' இருக்கு, குடுக்குறதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்னு கேப்பாங்க. நான் திருப்பி கேக்குறது, 'கண்டுபிடி'ங்குறதுல எத கண்டு எத புடிக்கிறோம்? 'கண்டுக்காத'ன்னு சொல்றோமே, ரெண்டுலயும் அதே 'கண்டு' இருக்கு, ஒன்னுக்கு தேடி எடுக்குறதுன்னு அர்த்தம், இன்னொன்னுக்கு பாத்தும் பாக்காத மாதிரி இருன்னு அர்த்தம். 'விட்டுக்குடு', 'கைவிடு', 'விட்டுப்போச்சு' மூனும் 'விடு'தான், யாராவது இத பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணோமா? வீட்டுல சண்ட நடந்தப்ப அம்மா "தம்பிதான, விட்டுக்குடு"ன்னு சொன்னாங்க, அந்த சண்டையோட சேத்து அந்த சொல்லு உள்ள போச்சு. இப்ப பாருங்க, விட்டுக்குடுக்குறது 'கிவ் இன்', முயற்சிய கைவிடுறது 'கிவ் அப்'. உங்க மண்டை இந்த மாதிரி சொல்ல ஏற்கனவே நிறைய வச்சிருக்கு, புதுசா ஒரு வித்தைய பழக வேண்டியதில்ல.

அதனால பட்டியல் வேணாம். ஒரு வினைக்கு ஒரு சம்பவம் வைங்க. 'ப்ரேக்' குடும்பத்துக்கு நான் எப்பவும் நம்ம ஊரு கதையத்தான் எடுக்குறது. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்க எல்பில் தோட்டத்துலயும் பக்கத்துலயும் மூணு வெள்ளக்கார துரைமாருங்கள கம்யூனிஸ்டுக்காரங்க சுட்டுக் கொன்னாங்க, ரெண்டே நாள்ல மலாயா முழுக்க அவசரகாலம்னு அறிவிச்சிட்டாங்க, அந்த சண்ட வெடிச்சது 'ப்ரோக் அவுட்': "ஃபைட்டிங் ப்ரோக் அவுட் இன் 1948". சண்ட, தீ, நோய், இதெல்லாம்தான் 'ப்ரேக் அவுட்' ஆகும். அப்புறம் 1950கள்லயும் 60கள்லயும் வெள்ளக்காரன் தோட்டத்த வித்துட்டு கெளம்புனான், வாங்குனவங்க துண்டு துண்டா பிரிச்சு வித்தாங்க, நம்ம தாத்தாமாருங்க 'துண்டாடல்'னு சொல்வாங்களே அது, வேலையும் போச்சு இருந்த வீடும் போச்சு. அதுக்கு 'ப்ரேக் அப்': "தி எஸ்டேட்ஸ் வேர் ப்ரோக்கன் அப்". முழுசா இருந்தது துண்டாகுறது, அதனாலதான் காதலர் பிரியிறதுக்கும் இதே சொல்லு. அத தடுக்கத்தான் நம்ம சுங்கை சிப்புட் எம்.பி.யா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சாரு, பால் மரம் வெட்டுறவங்ககிட்டேர்ந்தே பத்து பத்து வெள்ளியா சேத்து தோட்டத்த வாங்குனாங்க. அப்படி இன்னொருத்தர் கையில இருந்தத நாம ஏத்துக்கிட்டு நடத்துறது 'டேக் ஓவர்': "தி வொர்க்கர்ஸ் டுக் ஓவர் தி எஸ்டேட்". இந்த வரிய சொல்லும்போது வகுப்புல புள்ளைங்க நிமுந்து ஒக்காருறத நான் பாத்திருக்கேன். செம்பனை குலை ஏத்துற லோரி நடுரோட்டுல நின்னுபோனா 'ப்ரோக் டவுன்', 'ஸ்பாய்ல்'னு எழுதாதீங்க, 'ஸ்பாய்ல்' சோறு கெட்டுப்போறதுக்கு. வீட்ட ஒடச்சு திருடன் உள்ள போனா 'ப்ரோக் இன்டு தி ஹவுஸ்'. ஒரே ராத்திரியில அஞ்சு வினை, ஒரு புள்ளையும் இதுவரைக்கும் மறந்ததில்ல.

"ஐ பாஸ்ட் அப் தி ஆஃபர் லெட்டர்"

இத கொஞ்சம் கவனமா படிங்க, இதுல வேலையே போயிடும். என் சொந்தக்கார பொண்ணு ஒன்னுக்கு ஒரு கம்பெனியில வேலை கெடச்சுச்சு, ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போட்டு வரவேற்பு மேசையில குடுத்துட்டு அந்த வெளிநாட்டு அதிகாரிக்கு வாட்ஸ்அப்ல மேல உள்ள வரிய அனுப்பிடுச்சு. ரெண்டு நாள் பதிலே இல்ல. அப்புறம் போன் வருது, ஏன் வேலைய வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு. புள்ளைக்கு ஒன்னும் புரியல. நம்ம பள்ளிக்கூடத்துல வருஷக்கணக்கா "பாஸ் அப் யுவர் புக்ஸ்"னு டீச்சர் சொல்லி கேட்டு கேட்டு அப்படித்தான் நாம எல்லாரும் வளந்தோம், ஆனா நம்ம வட்டாரத்த தாண்டுனா 'பாஸ் அப்'னா கையில கெடச்ச வாய்ப்ப வேணாம்னு விடுறது. கொண்டுபோயி ஒப்படைக்கிறதுக்கு 'ஹேண்ட் இன்' இல்ல 'சப்மிட்'. நல்லவேள அவங்க போன் பண்ணி கேட்டாங்க, அந்த புள்ள இப்ப அங்கதான் வேலை செய்யுது.

அதோட சேத்து ஒன்னு, 'பாஸ் அவே'ன்னா காலமாகுறது, 'பாஸ் அவுட்'னா மயங்கி விழுறது. சபைகூடல்ல வெயில்ல நின்னு மயங்கி விழுந்த தோழிய பத்தி 'ஷி பாஸ்ட் அவே'ன்னு ஒரு தம்பி எழுதுனான், நான் படிச்சிட்டு பதறிப் போயி அவன் வீட்டுக்கே போன் போட்டேன்.

ஆஃபீஸ்ல வேலை செய்யிறவங்களுக்கு இதே வகையில இன்னொன்னு, "ப்ளீஸ் ரிவர்ட்". மலேசியா, சிங்கப்பூர், இந்தியா மூணு எடத்துலயும் பதில் போடுங்கன்னு புரிஞ்சுப்பாங்க, மத்தபடி 'ரிவர்ட்'னா பழைய நிலைக்கு திரும்புறது. 'ரிப்ளை', இல்லன்னா 'கெட் பேக் டு மீ'ன்னு போட்டா எங்கயும் செல்லும்.

"ஹி செட் மீ", "எக்ஸ்ப்ளெய்ன் மீ", "வி டிஸ்கஸ்ட் அபவுட் இட்"

இப்ப வர்றது தமிழ் ஒழுகல். இது கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஏன்னா நம்ம சொந்த வீட்டு ஓட்டை நமக்கு தெரியாது.

'சொல்லு'ங்குற ஒரு சொல்ல வச்சு தமிழ்ல எல்லாத்தையும் முடிச்சிடுறோம். இங்கிலீஷ்ல யாருகிட்ட சொன்னோம்னு சொல்லணும்னா 'டெல்'லுக்கு பின்னால ஆள் 'டு' இல்லாம ஒடனே வரும், "ஹி டோல்ட் மீ". 'சே'வுக்கு பின்னால ஆள் ஒடனே வரக்கூடாது, வரணும்னா 'டு' போட்டுத்தான் வரணும், "ஹி செட் டு மீ". 'எக்ஸ்ப்ளெய்ன்' 'சே' பக்கம், "எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ". தேர்வுல சந்தேகம் வந்தா நான் சொல்றது, 'கிட்ட'ன்னு தமிழ்ல நெனைங்க, "என்கிட்ட சொன்னான்", 'டெல்' அந்த 'கிட்ட'வ விழுங்கிடும், 'சே', 'எக்ஸ்ப்ளெய்ன்' ரெண்டுக்கும் 'டு' வெளிய தெரியணும்.

'டிஸ்கஸ்' தப்பு எங்கேர்ந்து வருதுன்னு எனக்கே ரொம்ப நாள் புரியல. தமிழ்ல 'அத பத்தி பேசுனோம்'. அந்த 'பத்தி' நாக்குலயே ஒட்டியிருக்கு, இங்கிலீஷ் பேசும்போது 'அபவுட்'டா எறங்கிடுது. 'டிஸ்கஸ்'ங்குற சொல்லுக்குள்ளயே 'பத்தி' இருக்கு, திரும்ப போட வேணாம். 'டாக்'குக்குத்தான் 'அபவுட்' வேணும்.

'கேளு'வும் இதே கதைதான். காதுல விழுறது 'ஹியர்', காது குடுத்து கேக்குறது 'லிசன் டு', வாய தொறந்து கேள்வி கேக்குறது 'ஆஸ்க்', மூணுக்கும் நாம 'கேட்டேன்'தான். பாட்டு கேட்டா 'லிசன் டு', நீங்க கேக்கணும்னு நெனைக்காமலே பக்கத்து வீட்டு பாட்டு காதுல விழுந்தா 'ஹியர்'. 2021லேர்ந்து எஸ்.பி.எம் (ஃபார்ம் ஃபைவ் முடிவுல எழுதுற அரசாங்கத் தேர்வு) இங்கிலீஷ்ல வாசிப்பு, எழுத்துன்னு நிக்காம பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனித்தனி தாள் இருக்கு, அதனால இதெல்லாம் வாயிலயே சரியா வரணும்.

லைட்டு, ஃபேனு, பைப்பு

"ஓபன் தி லைட்"னு சொல்றது மலாய் 'புக்கா'வுலேர்ந்தும் சீனர் பேச்சுலேர்ந்தும் வந்தது. மூடி, கதவு, பொஸ்தகம், இந்த மாதிரி மூடியிருக்குறதத்தான் 'ஓபன்' பண்ணுவோம். லைட்டு, ஃபேனுக்கெல்லாம் 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்', பைப்பும் அதுல சேத்திதான், நாம தமிழ்ல பைப்ப தொறக்குறோம்னு சொன்னாலும்.

எழுத்துல மட்டும் வர்ற தப்பு

தமிழ்ல எழுதுனா ரெண்டும் 'லூஸ்'தான், அங்கதான் வம்பே. ஒரு 'ஓ' போட்டா தொலைக்கிறது, ரெண்டு 'ஓ' போட்டா தொளதொளன்னு இருக்குறது. தொலைஞ்சதுல ஒரு 'ஓ'வும் தொலைஞ்சிடுச்சுன்னு வச்சுக்கோங்க. 'அட்வைஸ்'ல கடைசிக்கு முன்னெழுத்து 'சி'யா இருந்தா அது பெயர்ச்சொல், 'எஸ்'ஸா இருந்தா வினை. பெயர்ச்சொல்லுக்குள்ள 'ஐஸ்' ஒளிஞ்சிருக்கு, ஐஸ் ஒரு பொருள், அதனால பெயர். நாம பிரிட்டிஷ் எழுத்துமுறையில எழுதுறதால 'ப்ராக்டிஸ்', 'லைசன்ஸ்' ரெண்டுக்கும் இதே கணக்கு ஓடும். 'ஐ ஆம் போரிங்'னு எழுதுனா நான் அறுவையான ஆளுன்னு அர்த்தம், எனக்கு போர் அடிக்குதுன்னா 'ஐ ஆம் போர்ட்'.

"லாஸ்ட் டைம் மை கிராண்ட்மதர் கட் ட்ரீ"

திரும்ப அந்த பொண்ணு கட்டுரைக்கு வரேன், ரெண்டாவது பத்தியில இந்த வரி இருந்துச்சு. 'லாஸ்ட் டைம்'னு நாம சொல்றது மலாய் 'டுலு', அந்த காலத்துல, முன்னெல்லாம்னு அர்த்தம். இங்கிலீஷ்ல 'லாஸ்ட் டைம்'னா போன தடவைன்னு மட்டும்தான், ஒரே ஒரு தடவை. முன்னெல்லாம் வழக்கமா செஞ்சிட்டு இருந்தோம், இப்ப இல்லன்னா 'யூஸ்ட் டு', அதுக்கு பின்னால வெறும் வினை வரும்.

இதுகிட்டயே அச்சு அசலா இன்னொன்னு நிக்குது, 'பி யூஸ்ட் டு', அதாவது முன்னால 'ஆம்', 'ஈஸ்', 'ஆர்' மாதிரி ஒன்னு வரும், பின்னால வினை வந்தா 'இங்'கோட வரும், அர்த்தம் பழகிப்போச்சு. முக்காவாசி பேரு இங்கதான் விழுவாங்க. சோதனை இதுதான்: உங்க வரிய தமிழ்ல சொல்லிப் பாருங்க, 'முன்னெல்லாம்'னு வருதா 'பழகிப்போச்சு'ன்னு வருதா. முன்னெல்லாம்னா 'ஈஸ்' வேணாம் 'இங்' வேணாம், பழகிப்போச்சுன்னா 'ஈஸ்' வேணும், பின்னால வினை வந்தா 'இங்'கும் வேணும்.

அந்த பொண்ணுகிட்ட இத சொன்னேன், ஆனா எதையும் நான் திருத்திக் குடுக்கல, வீட்டுக்கு போயி பாட்டிகிட்ட கேட்டுட்டு நீயே எழுதிட்டு வான்னேன். பாட்டி காண்டா விளக்க தலையில கட்டிக்கிட்டு இருட்டோட காட்டுக்குள்ள போனத சொல்லியிருக்காங்க, வெயில் ஏறுனா பால் நின்னுடும், அதனால குளிர்ச்சியா இருக்கும்போதே வெட்டணும், மங்குல பால் சொட்டுற சத்தம் கேக்குற அளவுக்கு காடு அமைதியா இருக்குமாம். மறுநாள் வந்த வரி இது: "மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு டேப் ரப்பர். ஷி ஸ்டாப்ட் லாங் அகோ, பட் ஷி ஈஸ் ஸ்டில் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபோர்." அத பாட்டிக்கு தமிழ்ல படிச்சு காட்டுச்சாம், முன்னெல்லாம் பால் மரம் வெட்டுனாங்க, விட்டு ரொம்ப நாளாச்சு, ஆனா நாலு மணிக்கு எந்திரிச்சு இன்னமும் பழகிப்போச்சுன்னு. பாட்டி கேட்டுட்டு "நாலு இல்ல ஆத்தா, மூன்ற"ன்னாங்களாம். பொண்ணு 'ஃபோர்'ர அடிச்சிட்டு மேல 'ஹாஃப் பாஸ்ட் த்ரீ'ன்னு பென்சில்ல எழுதியிருந்துச்சு.